மறுமணம் செய்யுங்கள் ஐயா, தோட்டத்தை மட்டும் இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் நாலு ஏக்கர் தேயிலை, மனைவி தவறி மூன்று வருடம், குன்னூரில் கணவனை இழந்த ஒருவர் மேல் தீராத பிரியம், மகனும் மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "தோட்டத்தை அவர் பேருக்கு எழுதினால்தான் என்னை நம்புவார்" என்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். அந்த அம்மாவுக்கும் இதுதான் நல்லது.

முதலில் பட்டாவைப் பாருங்கள். இறந்த மனைவி பேரில் இருக்கும் நிலம் முழுக்க உங்களுடையது அல்ல. உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி உங்களுக்கு, மகனுக்கு, மகளுக்கு ஆளுக்கு மூன்றில் ஒன்று. தாத்தா காலத்துக் கூட்டுப்பட்டா என்றால் பாகப்பிரிவினையும் உட்பிரிவும் முடியாமல் எதை எழுதினாலும் வழக்குதான். மலையில் பாதித் தகராறு இங்கேதான் ஆரம்பம்.

நீங்களே சம்பாதித்து வாங்கியதா? அப்போதும் அவசரம் வேண்டாம். முறைப்படி தாலி கட்டிய நாளிலிருந்து அவர் முதல் வகுப்பு வாரிசு. உயில் எழுதாமல் நீங்கள் போனாலும் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு அவருக்கு உண்டு. உங்கள் அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஆகவே திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள், முதல் மனைவியின் இறப்புச் சான்றோடு. குன்னூர் அம்மாவுக்கான நம்பிக்கை அந்தப் பதிவுதான்.

செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம், பதிவாகிவிட்டால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. உயிலைக் கடைசி நாள் வரை மாற்றலாம். சாட்சி இருவர் வேண்டும், பங்கு பெறுபவர் சாட்சி போடாமல் இருப்பது நல்லது. நீங்கள் கிறிஸ்தவர் என்றால் வாரிசுச் சட்டமே வேறு; மறுமணத்தோடு பழைய உயிலும் செல்லாது, பிறகு புதிதாக எழுத வேண்டும். "வீடும் தோட்ட வருமானமும் அவர் ஆயுள் வரை, பிறகு பிள்ளைகளுக்கு" என்று எழுத நினைத்தால் வக்கீலைப் பாருங்கள். ஜீவனாம்சத்துக்காக என்று வாசகம் அமைந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14(1) பிரிவில் அது அவருடைய முழு உரிமையாகிவிடக்கூடும்.

இதற்கிடையில் தோட்டத்தை மறக்காதீர்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று பறிக்காவிட்டால் இலை முற்றிவிடும், தொழிற்சாலையில் கழித்துத்தான் எடுப்பார்கள். இன்றைய பச்சைத் தேயிலை விலைக்கு அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. "மறுதாலி ஏறினால் பழைய வீட்டுப் பங்கு போச்சு" என்று அந்த அம்மாவைக் கொழுந்தன்மார் மிரட்டி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். எத்தனை பெண்களை இப்படியே வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள்! சுத்தப் பொய். இறந்த கணவர் வழியில் வந்துசேர்ந்த பங்கு மறுமணத்தால் போகாது. கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள்.