லெப்டொப்பில் லேன் போர்ட் இல்லை. யூஎஸ்பி அடப்டர் வாங்கி வயர் இழுத்தால் இன்டர்நெட் வேகமாகுமா?

கேட்டவரின் நிலைமை இது: மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தோட்ட லயத்தில் வீடு. சிம் போடும் 4ஜி ரவுட்டர் இஸ்தோப்பில் இருக்கிறது. படிப்பது பின் காம்பராவில். சூம் வகுப்பு நடுவில் அடிக்கடி அறுந்துபோகிறது. புது லெப்டொப்பில் லேன் கேபிள் செருக இடமே இல்லை.

அடப்டர் வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். லெப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து அதே வகுப்பில் இருந்து பாருங்கள். அங்கே அறுவதில்லை என்றால் கோளாறு ரவுட்டருக்கும் உங்களுக்கும் இடையில். கேபிள் அதைத் தீர்க்கும். பழைய லயங்களின் கருங்கல் சுவர் ஒன்றிரண்டைத் தாண்டும்போதே வைஃபை பாதி செத்துவிடுகிறது. ஆனால் பக்கத்தில் வைத்தும் அறுகிறது என்றால் டவரிலிருந்து ரவுட்டருக்கு வருவதே குறைவு. பீலியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும்போது குடத்தை மாற்றி என்ன செய்வது? அப்போது அடப்டருக்குக் காசு செலவழிக்கும் முன் ரவுட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் கேபிளின் உண்மையான பலன் அதில்தான் இருக்கிறது. ரவுட்டரை நீங்கள் உட்காரும் இடத்துக்குக் கொண்டுவராமல், சிக்னல் பிடிக்கிற இடத்தில் வைத்துவிட்டு கேபிளை உங்களிடம் இழுக்கலாம். தகரக் கூரை சிக்னலை நன்றாக மறைக்கும். டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில் வைத்தால் வித்தியாசம் தெரியும். பனி மூடினால் சிக்னல் போகிறது என்று நம் ஆட்கள் சொல்வதுண்டு. 4ஜி அலைகளை மூடுபனி அவ்வளவு தடுப்பதில்லை, குறுக்கே நிற்கிற மலைதான் தடுக்கிறது. லேன் கேபிளை 100 மீட்டர் வரை இழுக்கலாம் என்பதால் லயத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தாராளமாகப் போகும்.

சரி, எந்த அடப்டர்? 100 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 100 மெகாபிட்) வகையே போதும். இங்கே 4ஜி ரவுட்டரில் அந்த 100ஐத் தொடுகிற வீடு அபூர்வம். வீட்டுக்கு ஃபைபர் வந்திருந்தால், அல்லது வரும் என்று நம்பிக்கை இருந்தால், அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் வகையை வாங்கி யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். பெட்டியில் எழுதியுள்ள சிப்பின் பெயரைப் பாருங்கள். ரியல்டெக் 8152, ஏசிக்ஸ் 88772 இரண்டும் 100 வகை. ரியல்டெக் 8153, ஏசிக்ஸ் 88179 இரண்டும் கிகாபிட். பெயரே இல்லாமல் மலிவாக விற்பவற்றில் சில உள்ளுக்குள் பழைய யூஎஸ்பி 1.1. மேலே என்ன எழுதியிருந்தாலும் 12 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. டைப்-சி போர்ட் மட்டும் உள்ள லெப்டொப் என்றால் அதற்கேற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

செருகியதும் விண்டோஸ் 10, 11 இரண்டும் ரியல்டெக்கைப் பெரும்பாலும் தானாகவே அடையாளம் காணும். லினக்ஸிலும் அப்படித்தான். அடையாளம் காணவில்லை என்றால் டிரைவர், அதாவது அடப்டரை இயக்கும் மென்பொருள், இறக்க வேண்டும், அதற்கே இன்டர்நெட் வேண்டும். போனை யூஎஸ்பி வயரில் இணைத்து போன் டேட்டாவை லெப்டொப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கை ஓன் பண்ணுங்கள், வேலை முடிந்தது. ரவுட்டரே இல்லாமல் போன் டேட்டாவில் படிப்பவர்களுக்கு இந்த டெதரிங் போதும், அடப்டரே தேவையில்லை.

கேபிளின் ஒரு முனை ரவுட்டரின் லேன் போர்ட்டில், மறுமுனை அடப்டரில். இரண்டு பக்கமும் லைட் எரிய வேண்டும். எரிந்தும் இன்டர்நெட் வரவில்லை என்றால் கொமாண்ட் விண்டோவைத் திறந்து ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரி தரவில்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள், அப்புறம் கேபிளைச் சந்தேகியுங்கள். சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்கிறது என்றே தெரியாது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுபோகிறது என்றால் டிவைஸ் மெனேஜரில் அந்த அடப்டரின் பவர் மெனேஜ்மென்டில், மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்கலாம் என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுங்கள்.

டவுனில் மீட்டர் கணக்கில் கேபிள் வாங்கி முனை அடித்துத் தருவார்கள். முனையில் உள்ள வயர்களின் நிற வரிசையைக் கவனியுங்கள்: வெள்ளை-ஒரேஞ்ச், ஒரேஞ்ச், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஜோடி ஜோடியாக வரிசையில் அடித்தால் சின்னக் கேபிளில் ஓடுவதுபோலத் தெரியும், நீளமானதில் காலை வாரும்.

யாரும் சொல்லாத ஒன்று, டேட்டா. வைஃபையை, டேட்டாவை மிச்சம் பிடிக்கும் மீட்டர்ட் கனெக்‌ஷன் என்று வைத்திருந்தாலும் அது கேபிளுக்குப் பொருந்தாது. ஈதர்நெட்டை, அதாவது கேபிள் இணைப்பை, விண்டோஸ் அளவில்லாத இணைப்பு என்று எடுத்துக்கொண்டு அப்டேட்டை இஷ்டத்துக்கு இறக்கும். ஒரு பெரிய அப்டேட்டில் பெக்கேஜ் கரைந்துபோகலாம். ஸெட்டிங்ஸில் நெட்வர்க் பகுதிக்குள் ஈதர்நெட்டைத் திறந்து அங்கேயும் மீட்டர்டை ஓன் பண்ணுங்கள். முதல் நாளே செய்யுங்கள்.

கேபிள் வெளியே, கூரையோரமாகப் போகிறதென்றால் இடியையும் யோசிக்க வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைகளில் பின்னேரமானால் இடி மின்னல்தான். ரவுட்டரின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டுக் கேபிளை அப்படியே விட்டால் மின்னலின் தாக்கம் அந்த வழியாக லெப்டொப்புக்கு வரலாம். வானம் கறுக்கும்போதே அடப்டரை லெப்டொப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி தலைக்குமேல் வந்த பிறகு வயரைத் தொடவே வேண்டாம்.