தச்சுப் பாடம் எடுத்தால் கல்லூரி வாசல் அடைபடுமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகன், அடுத்த இரண்டு ஆண்டுகளும் தச்சு வேலையும் வீட்டுக் கட்டுமானமும் கற்பிக்கும் தொழிற்கல்விப் பிரிவில் சேர விரும்புகிறான். படிப்பு வராதவர்கள் போகும் இடம் அது என்று அவன் அப்பா மறுக்கிறார். இதில் சேர்ந்தால் பிற்பாடு பொறியியல் படிக்க முடியாமல் போய்விடுமா?
– ஒரு வாசகி

பதில்: போய்விடாது. ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் எண்ணம் நம்மவர் பலருக்கும் உண்டு. கைவேலை செய்பவரைத் தாழ்வாகப் பார்த்துப் பழகிய நம் சமூகத்தின் மிச்சம் அது என்பதால், அதை நான் ஏற்பதற்கில்லை. அந்த வகுப்பில் நடப்பது என்ன என்பதை அவர் ஒருமுறை நேரில் பார்க்கட்டும். அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டகத்தால் எழுபவை. சுவருக்குள் நிற்கும் செங்குத்துச் சட்டங்களை, ஒன்றன் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை, வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் நிறுத்துகிறார்கள். 4 அடிக்கு 8 அடி அளவுள்ள பிளைவுட்டின் 48 அங்குலமும் 96 அங்குலமும் பதினாறால் மீதியின்றி வகுபடுவதால், பலகையின் ஓரம் தவறாமல் ஒரு சட்டத்தின் நடுவில் வந்து உட்கார்ந்து ஆணியைப் பிடித்துக்கொள்கிறது. 'டூ பை ஃபோர்' (2 அங்குலத்துக்கு 4 அங்குலம்) என்று விற்கப்படும் கட்டையின் உண்மையான அளவு ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான்; அதை மறந்து கணக்குப் போடும் மாணவனுக்கு ஜன்னல் திறப்பு பிசகிவிடும். மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று, ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என அளந்து பார்க்கிறார்கள்; நம் ஊர்க் கொத்தனார் நூல் பிடித்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். பல பள்ளிகளில் மாணவர்கள் ஒரு கல்வியாண்டு முழுவதும் உழைத்து ஒரு மெய்யான வீட்டையே கட்டி முடிக்கிறார்கள். அதை விற்று வரும் பணத்தில் அடுத்த வீட்டு வேலை தொடங்குகிறது. பொறியாளராக வர விரும்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 18 வயது நிரம்பாதவர்களை மின்ரம்பத்தில் வேலைக்கு அமர்த்துவதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. 16 வயது நிரம்பிய தொழிற்கல்வி மாணவர்களுக்கு, எழுத்து வடிவ ஒப்பந்தத்துடனும் தேர்ந்தவரின் நேரடிக் கண்காணிப்புடனும் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பயிற்சிக்கென்று வெளியிடத்துக்கு அனுப்பினால் அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இனி, விழிப்பு தேவைப்படும் அந்த விஷயம். ஒஹாயோவில் பள்ளிப் படிப்பை முடிக்க நான்கு அலகு (ஓர் அலகு என்பது ஓராண்டுப் பாடம்) கணிதம் கட்டாயம். அவற்றுள் இரண்டாம் நிலை இயற்கணிதமும் (Algebra II) ஒன்று. தொழிற்கல்வி மாணவர்கள் அதற்கு ஈடாகத் தொழில் சார்ந்த வேறொரு கணிதப் பாடத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தச்சராகப் போகிறவருக்கு அந்தச் சலுகையால் குறை ஒன்றுமில்லை. பொறியியல் கனவுள்ளவருக்கோ பின்னாளில் அதுவே தடையாகும். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே பள்ளி ஆலோசகரைச் சந்தித்து, இயற்கணிதத்தையும் அதற்கு மேற்பட்ட கணித வகுப்பையும் மகன் விடாமல் தொடரும்படி இரண்டு ஆண்டுகளுக்கான கால அட்டவணையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.