‘ஆயுசுக்கும் அழியாது’ என்றார்களாம்: நுகர்வோர் கேள்வி-பதில்

கே: 2 டிபி பென் டிரைவ் 599 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைத்தது. மகன் பிறந்ததிலிருந்து மூன்றாவது பிறந்தநாள் வரை எடுத்த அத்தனை படங்களையும் அதில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டேன். இப்போது பாதிக்கு மேல் திறக்கவில்லை. (சத்துவாச்சாரி)

ப: 599 ரூபாய்க்கு 2 டிபி கொடுக்க விற்பவர் உங்களுக்கு மாமனா, மச்சானா? உள்ளே இருக்கும் சில்லு அதில் சிறு பங்குதான் இருக்கும். 2 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். இடம் நிரம்பியதும் பழைய படத்தின் மேலேயே புதிய படத்தை எழுதும். போலிச் சரக்கு என்று அந்தத் தளத்தில் புகார் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கலாம். அப்படி வேறு படம் மேலே எழுதி அழிந்துபோன படங்கள் கிடைக்காது.

கே: மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த முதல் ஸ்கேன் படத்தை, அவளுடைய முதல் பிறந்தநாளுக்காக லேமினேட் செய்யக் கொடுத்தேன். வெளியே வந்தது வெறும் கறுப்புத் தாள். ஸ்கேன் பேப்பர் மட்டம் என்கிறார் கடைக்காரர். நஷ்டஈடு கேட்கலாமா? (ராணிப்பேட்டை)

ப: இந்தக் கடிதத்துக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் போலிருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் மையே கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும்படி மேலே ஒரு பூச்சு இருக்கிறது. ஸ்கேன் அறையின் அச்சு இயந்திரம் புள்ளி புள்ளியாகச் சூடு வைத்துத்தான் உங்கள் மகளின் தலையையும் முதுகுத்தண்டையும் வரைந்தது. லேமினேஷன் உருளையின் வெப்பம் 100 டிகிரிக்கு மேல். தாள் முழுவதற்கும் ஒரே நேரத்தில் சூடு வைத்தால் முழுவதும் கறுக்காமல் என்ன செய்யும்? தாள் நல்ல தாள்தான்.

நம் ஊரில் லேமினேஷன் ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கைக்குழந்தையின் கால்தடம், தாத்தாவின் ஒரே படம், எது கையில் கிடைத்தாலும் கொண்டுபோய் அந்த உருளைக்குள் விடுகிறோம். உருகிய பசை தாளோடு ஒட்டிய பிறகு, தாளைக் கிழிக்காமல் அதைப் பிரிக்க முடியாது. உள்ளே காற்றுக் குமிழ் விழுந்தாலும் விழுந்ததுதான். நானும் செய்தவன் என்பதால் சொல்கிறேன். என் பாட்டி பூச்சாடி ஸ்டாண்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. வேறு பிரதி கிடையாது. வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் 20 ரூபாய் கொடுத்து ‘பாதுகாத்தேன்’. சரியாகப் பாட்டியின் இடது கன்னத்தில் ஒரு குமிழ். இரண்டு கோடை போனதும் ஓரத்தில் பிளாஸ்டிக் பிரிந்தது, பிரியும்போது படத்தின் மேல்தோலையும் கொண்டுபோனது. இப்போது பூச்சாடிதான் தெளிவாக இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் இதே வேலை செய்பவர், ஸ்கேன் தாளைப் பார்த்ததும் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போங்கள். கர்ப்பகால ஸ்கேன் பதிவுகளை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இயந்திரத்திலோ கணினியிலோ அந்தப் படம் இருந்தால் மறுபடி அச்சிட்டு வாங்கிவிடலாம். வாங்கியதும் அதைப் போட்டோ எடுத்து, ஸ்டூடியோவில் சாதாரண போட்டோ தாளில் பிரதி போடுங்கள். மூலத்தைக் காகித உறைக்குள் வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். வெயில் படும் சுவரை ஒட்டி நிற்கும் பீரோவும் வேண்டாம். மே மாதத்தில் நம் ஊர் பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கே: எட்டு வயதுப் பேரனுக்கு, எடுத்த உடனே படம் அச்சாகி வரும் கேமரா வாங்கிக் கொடுத்தோம். தாத்தா, பாட்டி, மாடு, கன்று எல்லாரையும் எடுத்துச் சுவரில் ஒட்டினான். மூன்று மாதத்தில் எல்லாம் வெளிறிவிட்டது. (வாலாஜாபேட்டை)

ப: அதுவும் அதே சூட்டுத் தாள்தான். பஸ் கண்டக்டர் கருவியிலிருந்து கிழித்துத் தருகிறாரே, அந்த டிக்கெட்டின் தாள். பெட்டியில் ‘மை தேவையில்லை’ என்று போட்டிருந்தால் காரணம் இதுதான். பெரும்பாலும் உள்ளே மெமரி கார்டு இருக்கும். அதை எடுத்துக் கடையில் கொடுத்து நல்ல தாளில் போடுங்கள், பையன் எடுத்த மாடு பிழைத்துக்கொள்ளும். கேமராவுக்குக் கொடுத்த பில்லும் இதே தாளாகத்தான் இருக்கும். வாரன்டி முடியும் முன்பே எழுத்து மறைந்துவிடும், இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள்.

கே: தாய்ப்பாலைப் பதித்து லாக்கெட் செய்து தருவதாக இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் சொன்னார். 3,500 ரூபாயும் பாலும் அனுப்பினேன். நான்கு மாதமாகப் பதில் இல்லை, என்னைத் தடுத்தும் வைத்துவிட்டார். பிள்ளை பால் மறந்துவிட்டான், இனிப் பாலும் இல்லை. வீட்டில் சிரிக்கிறார்கள். (குடியாத்தம்)

ப: சிரிக்கிறவர்களிடம் சொல்லுங்கள் தாயே, தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அவர்களும். நீங்கள் ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு தாயின் பாலைக் குப்பையில் போட்டவர்தான் வெட்கப்பட வேண்டும்.

1930 என்ற எண்ணுக்கு இன்றே பேசுங்கள், பண மோசடிக்கான சைபர் குற்ற உதவி எண் அது. முதல் நாளே சொல்லியிருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். நான்கு மாதம் ஆனாலும் புகார் பதிவாகட்டும். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், உரையாடலின் படங்கள், பார்சல் ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆக, வேலூரிலேயே முடியும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கே: கைக்குழந்தை போட்டோ ஷூட்டுக்கு 18,000 ரூபாய் கட்டினோம். 20 படங்கள் கொண்ட ஆல்பம் மட்டும் தந்தார்கள். மீதிப் படங்களுக்கு இன்னும் 6,000 கேட்கிறார்கள். இதற்கிடையில் குழந்தையின் படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட தாளைப் படித்துப் பார்க்கவில்லை. (காட்பாடி)

ப: கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது? ‘படித்துப் பார்க்கவில்லை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 18,000 ரூபாய்க்குப் பட்டுப்புடவை எடுத்தால் ஜரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க மாட்டீர்களா?

முகப்புப் படத்தில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுங்கள். பெரும்பாலும் மறுநாளே படத்தை இறக்கிவிடுவார்கள். மீதிப் படங்களை இலவசமாகத் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, பேசிய பேச்சைப் பொறுத்தது அது. விளம்பரத்தில் ‘எல்லாப் படங்களும்’ என்றிருந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள். தாளில் 20 என்றுதான் இருந்தால் பேரம் பேசுங்கள்.

கே: பெரிய மகளின் காதுகுத்து வீடியோ கேசட், 1997. இப்போது அவளுக்கே பெண் குழந்தை. கம்ப்யூட்டருக்கு மாற்ற 800 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (ஆற்காடு)

ப: கொடுங்கள். வீடியோ கேசட்டை ஓட்டும் டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக்கும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரும் வருடா வருடம் குறைகிறார்கள். கேசட்டின் சிறு கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் பூசணம், சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது என்று கடையில் சொல்லுங்கள். பக்கத்திலேயே இருந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. டிவிடியில் வேண்டாம், கோப்பாகவே ஹார்டு டிஸ்கில் வாங்குங்கள். கேசட்டையும் திருப்பி வாங்குங்கள். 800 ரூபாயை மிச்சப்படுத்த நான் ஒரு மலிவான மாற்றுக் கருவியும் பழைய டெக்கும் வாங்கினேன். தங்கையின் கல்யாணத்தில் மாலை மாற்றும் இடத்தில் டெக் டேப்பைத் தின்றுவிட்டது. இப்போதும் தங்கை வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சு வரும்.

கே: வெள்ளையடிக்க வந்தவர், பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைத்திருந்த கதவு நிலைக்கும் பெயின்ட் அடித்துவிட்டார். பதினோரு வருடக் கோடுகள். கூலியில் பிடிக்கலாமா? (அணைக்கட்டு)

ப: அடிக்க வேண்டாம் என்று சொன்னீர்களா? சொல்லவில்லை. அப்புறம் கூலியில் ஏன் கை வைக்கிறீர்கள்? நிலைக்கு அருகே பிள்ளைகள் நிற்கும் பழைய படங்கள் இருந்தால், அவற்றை வைத்துக் கொஞ்சம் மீட்கலாம். இனி ஒரு பலகையில் குறியுங்கள், வீடு மாறினாலும் கூடவே வரும்.

கே: எனக்கு வயது 74. நான் பாடும் தாலாட்டையும் சொல்லும் கதைகளையும் பேரப்பிள்ளைகளுக்காகப் பதிந்து வைக்க, 9,000 ரூபாயில் ஒரு ரெக்கார்டர் வாங்கலாம் என்கிறார் மருமகன். (பேரணாம்பட்டு)

ப: வாங்க வேண்டாம் அம்மா. வீட்டில் இருக்கும் போனே போதும். ஒரு துண்டை மடித்து அதன் மேல் போனை வைத்து, ஒரு முழ தூரத்தில் உட்காருங்கள். பிடித்துக்கொள்ளவும் கேள்வி கேட்கவும் பேரப்பிள்ளையையே விடுங்கள், பெரியவர்கள் கேட்டால் நீங்கள் மேடைப் பேச்சு பேசிவிடுவீர்கள். தொடக்கத்தில் தேதியும் யார் யார் இருக்கிறீர்கள் என்பதும் பதிவாகட்டும். முடிந்ததும் மருமகன் அதை இன்னும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைக்கட்டும். பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், போனுக்கு அதன் சத்தம்தான் முதலில் கேட்கும். பேரணாம்பட்டு வெயிலில் பத்துப் பத்து நிமிடமாகப் பாடினால் போதும்.