தழும்பு விழவில்லை, மறுபடியும் பி.சி.ஜி. போட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 மாதம், எடை 9 கிலோ. பிறந்த மறுநாளே டி.பி. (காசநோய்) தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டார்கள், ஆனால் கையில் தழும்பே விழவில்லை. எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் மாமனாருக்கு (68 வயது) மூன்று வாரத்துக்கு முன்பு சளியில் டி.பி. கிருமி இருப்பது தெரிந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். அவர் கையில் பி.சி.ஜி. தழும்பு நன்றாகவே தெரிகிறது. "செங்கல்பட்டில் லட்சக்கணக்கான பேருக்குப் போட்டுப் பார்த்து, அந்த ஊசி பலிக்காது என்று எப்போதோ சொல்லிவிட்டார்களே" என்கிறார் உறவினர் ஒருவர். குழந்தைக்கு மறுபடியும் ஊசி போடுவதா, விட்டுவிடுவதா?

பதில்: மறுபடியும் பி.சி.ஜி. வேண்டாம். ஆனால் உங்கள் குழந்தைக்கு இந்த வாரமே தொடங்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. டி.பி. வராமல் தடுக்கும் மாத்திரைதான் அது. மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாமனாரின் சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்கோ போங்கள். குழந்தைக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சலோ இருமலோ இருக்கிறதா, எடை ஏறாமல் நின்றுவிட்டதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, விளையாடாமல் சோர்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தினமும் ஐசோனியசிட், ஆறு மாதம். அளவு கிலோவுக்கு 10 மி.கி. என்பதால் 9 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 100 மி.கி. மாத்திரை ஒன்று போதும். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதைத் தொடங்கக் கையில் போடும் தோல் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எடை ஏறும்போது அளவையும் மாற்ற வேண்டும் என்பதால் மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்றும் காட்டும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் மாமனாரின் சளியைப் பார்த்தார்களா? முக்கிய டி.பி. மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா? கட்டுப்படாத கிருமி என்றால் ஐசோனியசிட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது, தடுப்பு மருந்தே வேறு.

இனி தழும்புக்கு வருவோம். பி.சி.ஜி. தோலுக்கு அடியில் போடும் ஊசி இல்லை, தோலுக்குள்ளேயே போடுவது. ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 0.05 மி.லி., அதாவது ஒரு சொட்டு அளவு. சரியாக இறங்கினால் அந்த இடம் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளிபுள்ளியாக, வெளிறி, 5 மி.மீ. அளவுக்கு உப்பும். சில வாரங்களில் சின்னக் கட்டி வந்து, உடைந்து, கொஞ்சம் சீழ் வடிந்து, மூன்று மாதத்துக்குள் காய்ந்து தழும்பாகும். ஊசி ஆழமாகப் போனால் அந்த உப்பல் வராது. கரைத்து நான்கு மணி நேரம் தாண்டிய மருந்திலோ, வெயிலோ வெளிச்சமோ பட்ட மருந்திலோ, இந்த ஊசி வேலை செய்யத் தேவையான, வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி குறைந்துவிடும். ஆனால் எல்லாம் சரியாக நடந்தும் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குத் தழும்பு விழுவதில்லை. தழும்பு இல்லாததைப் பாதுகாப்பு இல்லாததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும், அதற்காக மறு ஊசி போட வேண்டியதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அட்டையில் தேதி இருந்தால் அதுவே போதும்.

மறு ஊசியால் என்ன கிடைக்கும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் சால்வடோர், மனாஸ் ஆகிய இரு நகரங்களில் சுமார் இரண்டு லட்சம் பள்ளிக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. இரண்டாவது பி.சி.ஜி. தந்த பாதுகாப்பு 9%. அது தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான்.

உறவினர் சொன்ன செங்கல்பட்டு ஆய்வு உண்மையானது. அதைப் பற்றிப் பேசும் பலர் அது எதை அளந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். 1968இல் தொடங்கி 1971 வரை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குப் பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. மருந்தில் டேனிஷ், பிரெஞ்சு என்று இரண்டு ரகம், ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு. பிறகு 15 ஆண்டுகள் அந்த ஊர்களுக்கு மீண்டும் மீண்டும் போய், எக்ஸ்ரே எடுத்து, சளி வாங்கி, கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். இவ்வளவு பெரிய பி.சி.ஜி. ஆய்வு உலகில் வேறெங்கும் நடந்ததில்லை. அந்த ஊர்க்காரர்களின் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

முடிவு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெரியவர்களுக்கு நுரையீரல் டி.பி.யிலிருந்து பாதுகாப்பே இல்லை. குழந்தைப் பருவத்தில் போட்டுக்கொண்டவர்களிடம் 27% தெரிந்தது, அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த ஆய்வு நோயாளி என்று எண்ணியது யாரை? சளியில் கிருமி காட்டிய நுரையீரல் டி.பி.காரர்களை. ஒரு வயதுக் குழந்தை சளியைத் துப்பாது, அதன் சளியில் கிருமி தெரிவதும் அரிது. அந்த வயதில் டி.பி. கொல்வது மூளைக்காய்ச்சலாக வந்து, அல்லது ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் தினையளவு புள்ளிகளாகப் பரவும் மில்லியரி டி.பி.யாக வந்து. செங்கல்பட்டு ஆய்வு அதை அளக்கவே இல்லை. அதைத் தனியாக அளந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் கணக்கிட்டபோது, டி.பி. மூளைக்காய்ச்சலுக்கு எதிராக 73%, மில்லியரி டி.பி.க்கு எதிராக 77% பாதுகாப்பு தெரிந்தது. பிறந்தவுடன் இந்த ஊசியைப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

தடுப்பூசிக் கணக்கில் விழுக்காடு என்பது இப்படி வருகிறது: ஊசி போடாத 1,000 பேரில் 10 பேருக்கு நோய் வந்து, போட்ட 1,000 பேரில் 4 பேருக்கு வந்தால், பத்தில் ஆறு தடுக்கப்பட்டது, 60%. எந்த நோய், எந்த வயது, எத்தனை ஆண்டு என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த எண்ணுக்குப் பொருளில்லை. பிரிட்டனில் 1950களில் 14, 15 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டபோது இதே பி.சி.ஜி. 75 விழுக்காட்டுக்கும் மேல் பாதுகாப்புத் தந்தது. அங்கே தேர்ந்தெடுத்தவர்கள் தோல் பரிசோதனையில் டி.பி. கிருமியைச் சந்தித்த அடையாளமே இல்லாதவர்கள். நம் ஊரில் மண்ணிலும் நீரிலும் இருக்கும் டி.பி.யின் உறவுக்காரக் கிருமிகளோடு உடம்பு சிறு வயதிலேயே பழகிவிடுகிறது. பழகிய உடம்பில் பி.சி.ஜி. புதிதாகச் சேர்ப்பது குறைவு. பிரிட்டன் முடிவுக்கும் செங்கல்பட்டு முடிவுக்கும் உள்ள முரண்பாட்டுக்குச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது இதுதான். பிறந்த உடனே போட வேண்டும் என்பதற்கும் இது துணை நிற்கிறது.

உங்கள் மாமனாரின் தழும்பும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. அந்த ஊசி போட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். இந்த வயதில் அதன் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்களா? இல்லையென்றால் பார்த்துவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு நேரடியாகப் பொருந்தும் எண் இன்னொன்று. டி.பி. நோயாளியோடு பழகியவர்களை மட்டும் பின்தொடர்ந்த பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக்கி 2022இல் பார்த்ததில், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பி.சி.ஜி. 37% பாதுகாப்புத் தந்தது. அதற்கு மேற்பட்ட வயதில் உறுதியான பலன் தெரியவில்லை. 37% வீணில்லை, ஆனால் கிருமி வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது போதவும் போதாது. தடுப்பு மாத்திரை இப்படிப் பழகிய குழந்தைகளிடம் 63% வரை நோயைத் தடுத்தது. தோல் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களிடம் அது இன்னும் அதிகம்.

மாத்திரை தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார்கள். 180 நாளையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் சாப்பாட்டை வெறுத்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, கண்ணோ சிறுநீரோ மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் மற்றவர்களும் பரிசோதனைக்குப் போக வேண்டும். மருந்து சரியாகப் போனால் மாமனாரிடமிருந்து தொற்றுவது சீக்கிரமே குறைந்துவிடும். அதுவரை அவர் தனி அறையில், ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கட்டும், குழந்தையைத் தூக்கும்போது முகக்கவசம் போடட்டும். தட்டையும் டம்ளரையும் பிரித்துவைத்து அவரை நோகடிக்க வேண்டாம், டி.பி. காற்றில்தான் பரவுகிறது. சாப்பாட்டைக் கவனியுங்கள். ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்துக்கே கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வில், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு டி.பி. வருவது 39% குறைந்தது. இது 2023இல் வெளியானது. நோயாளிக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை தருகிறது, அவர் பெயர் அரசின் டி.பி. நோயாளிகள் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

மகளுக்குக் காய்ச்சலோடு ஓயாத வாந்தியோ, எழுப்பினாலும் எழாத மயக்கத் தூக்கமோ, வலிப்போ வந்தால், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, ஊசி போட்டிருந்தாலும் சரி, விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வீட்டில் தாத்தாவுக்கு டி.பி. இருக்கிறது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.