கேள்வி பதில்: வாங்கும் முன் ஏன் இத்தனை தேடல்?

கேள்வி: மூன்று வாரமாக மடிக்கணினி தேடுகிறேன். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது.

பதில்: எதற்காக என்று நீங்கள் எழுதவே இல்லை, முடிச்சு அங்கேதான். "கணக்கெழுத" என்றால் விசைப்பலகையை நாலு தட்டுத் தட்டிப் பார்த்து, மூன்றாவது மாதிரியிலேயே நிறுத்திவிடலாம். "இருப்பதிலேயே சிறந்தது" என்ற தேடலுக்குக் கரை கிடையாது. பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956-இல் காட்டிய வழி இது: போதும் என்பதற்கான அளவை முன்பே வகுத்து, அதை முதலில் எட்டுவதை எடுத்துக்கொள்வது. தேடும் முன் ஒரு வரி எழுதுங்கள்: யாருக்கு, எதற்கு, எது இல்லாவிட்டால் வேண்டாம்.

கேள்வி: எத்தனை கடை ஏறி இறங்கலாம்?

பதில்: பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-லேயே கணக்குச் சொல்லிவிட்டார். அடுத்த கடையில் மிச்சமாகக் கூடியது அலைச்சலுக்குக் காணாது என்றால் வீடு திரும்புங்கள்.

கேள்வி: ஒரு கடையில் சோதனையாக 24 வகை ஜாம் சுவைக்க வைத்தபோது நின்றவர்களில் 3 சதவீதம் பேரும், 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேரும் வாங்கினார்களே. வகை குறைவதுதானே நல்லது?

பதில்: இந்த ஜாம் என்னை விடாது போலிருக்கிறது! அது 2000-இல் வெளியான ஆய்வு. 2010-இல் இதுபோன்ற 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது வகை கூடுவதன் சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். ஆரஞ்சு ஜாம்தான் வேண்டும் என்று வந்தவர் நேரே கையை நீட்டி எடுத்துப் போகிறார். அவருக்கு 24 இருந்தால் என்ன, 40 இருந்தால் என்ன? எது பிடிக்கும் என்றே தெரியாதவர்தான் ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கி, படித்து, திரும்ப வைக்கிறார்.

கேள்வி (அவரே): அப்படியானால் அந்த ஆய்வு பொய்யா?

பதில்: பொய் என்று நான் எங்கே சொன்னேன்? எல்லோருக்கும் பொருந்தாது என்றேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் வந்த தொகுப்பாய்வு, வகை கூடும்போது வரும் திணறலைத் தீர்மானிக்கும் நான்கு காரணங்களைக் காட்டியது. அவற்றில் ஒன்று வந்தவரின் நோக்கம்: வாங்க வந்தாரா, வேடிக்கை பார்க்க வந்தாரா? வேடிக்கை பார்ப்பவருக்கு வகை கூடுவது கொண்டாட்டம்.

கேள்வி: எந்தக் கைப்பேசி வாங்கலாம்?

பதில்: எதற்கு?

கேள்வி: நல்ல சலவை இயந்திரம் எது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஒரு வரி, ஐயா, ஒரே ஒரு வரி!

கேள்வி: பயனர் விமர்சனங்களை நம்பலாமா?

பதில்: காலணியின் நிறம் பார்த்தால் தெரியும், கடிக்குமா என்பது போட்டால்தான் தெரியும். இரண்டாவதற்குப் பிறர் சொல் வேண்டும். ஆனால் எழுதியவர் நடக்க வாங்கினாரா, ஓட வாங்கினாரா என்று பாருங்கள். உங்கள் தேவையே அவருக்கும் இருந்தால் நட்சத்திரங்களை எண்ண வேண்டியதில்லை.

கேள்வி: வாங்கிய பொருள் பழுது. மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பதில்: நுகர்வோர் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள். ரசீது போடும் வரைதான் என் எல்லை.