செட்டிநாட்டில் ஏன் இத்தனை பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன?

வசதி குறைந்துபோனது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் பங்கு.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலாயாவில் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் செய்த கொடுக்கல் வாங்கல் தொழிலின் வருமானத்தில் கட்டியவை. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலில் வந்தன. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அங்கிருந்த நிலங்களும் பிறகு நாட்டுடைமை ஆகிவிட்டன.

சரி, விற்கலாமே என்று கேட்பீர்கள். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு உரியவை. மூன்று தலைமுறை கழித்துப் பங்காளிகள் பல ஊர்களில் இருப்பார்கள். எல்லோரும் சம்மதித்தால்தான் விற்க முடியும். பழுது பார்க்கும் செலவைப் பகிர்வதிலும் அதே சிக்கல். ஆனாலும் கல்யாணம், முன்னோரை வழிபடும் படைப்பு என்றால் கதவு திறந்துவிடும். அதனால் இவற்றைக் கைவிட்ட வீடுகள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நகரத்தார் சம்பாதித்த பணம் முழுவதும் வீட்டுக்கே போய்விடவும் இல்லை. நகரத்தார் தொழிலதிபரான அழகப்பச் செட்டியார் கல்லூரிகள் கட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார்.