அந்தக் காலத்து நியாயம்

கேள்வி: அமெரிக்கப் பழங்குடிகளை அடக்கியதற்காக ஐரோப்பியர்களை இன்னும் திட்டுகிறோம். அந்தக் காலத்து நியாயம் வேறு இல்லையா? இன்றைய அளவுகோலை 500 வருஷம் பின்னால் கொண்டுபோகலாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வேண்டாம், அந்தக் காலத்து அளவுகோலையே எடுப்போம். 1511-இல் கரீபியன் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவில் மொந்தேசினோஸ் என்ற துறவி, ஸ்பானியக் கனவான்களை எதிரே உட்காரவைத்துக்கொண்டே பிரசங்க மேடையில் கேட்டார்: இவர்கள் மனிதர்கள் இல்லையா? எந்த உரிமையில் அடிமைப்படுத்துகிறீர்கள்? கனவான்கள் கொதித்துப்போய் அரசரிடம் புகார் செய்தார்கள். அரசர் பண்டிதர்களைக் கூட்டினார். கேள்வியை அடக்க முடியாததால், அதற்கு ஒரு பத்திரம் தயாரித்தார்கள்!

1513-இல் பலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்டப் புலி எழுதிய அதற்கு 'ரெக்கெரிமியெந்தோ' என்று பெயர். படையெடுக்கும் முன் வாசித்துக் காட்ட வேண்டியது. சாரம் இதுதான்: கடவுள் உலகைப் புனித பேதுருவின் பொறுப்பில் விட்டார், அவர் வழிவந்த போப் உங்கள் நாட்டை எங்கள் அரசருக்குக் கொடுத்துவிட்டார், ஒப்புக்கொண்டால் சரி. இல்லையென்றால் போர் தொடுப்போம், பெண்டு பிள்ளைகளை அடிமையாக்குவோம். சாவுக்கெல்லாம் நீங்களே பொறுப்பு.

வாசித்தது ஸ்பானிய மொழியில். கேட்டவர்களுக்கு அதில் ஒரு சொல் தெரியாது. ஆள் ஓடிப்போன வெற்று ஊரிலும் வாசித்தார்கள். வாசித்தாயிற்று என்று எழுதிவைக்க நோட்டரி மட்டும் தவறாமல் கூடவே போனார். அப்படி வாசித்துக்கொண்டு போன ஒரு படையில் இருந்த ஒவியேதோ என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர், ஊர் திரும்பி இந்தக் கூத்தைச் சொன்னபோது பத்திரத்தை எழுதியவரே சிரித்தாராம். காலத்தின் அறியாமை என்கிறீர்களே, அந்தச் சிரிப்பை எதில் சேர்ப்பது?

ஆங்கிலேயர் இந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. ஆஸ்திரேலியாவை யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகவே நடத்தினார்கள். அதை அங்குள்ள உயர் நீதிமன்றம் தூக்கியெறிந்தது 1992-இல், மாபோ என்ற பூர்வகுடித் தீவுவாசி தொடுத்த வழக்கில்.

அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இன்னும் வெளிப்படையானவர். கண்டுபிடித்ததாலேயே நிலம் சொந்தம் என்பது எவ்வளவு அதீதமாகத் தோன்றினாலும், நாடே அதன்மேல் நிற்கிறது, இனி கேள்வி கேட்க முடியாது என்று 1823-இல் தீர்ப்பில் எழுதினார். போப்பாண்டவரின் அலுவலகமே அந்தக் கோட்பாட்டை 2023-இல் கைகழுவிவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, ஒனைடா பழங்குடியினர் தங்கள் பூர்வீக நிலத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி, அதற்கு ஊர் வரி கட்ட மறுத்த வழக்கில், 2005-இல் அதே கோட்பாட்டை அடிக்குறிப்பில் காட்டி அவர்களைத் தோற்கடித்தது.